அதே பிராண்டில் அடுத்த கார் எடுக்கலாமா?

11 வருடம் தொல்லையே தராத கார், அடுத்ததையும் அதே பிராண்டில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கண்ணை மூட வேண்டாம் நண்பரே. உங்களுக்கு உழைத்தது முன்னால் இருக்கும் சின்னம் இல்லை, அந்த எஞ்சினும் கியர்பாக்ஸும்தான். பழையது டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி) இல்லாத மேனுவல் வண்டி. இப்போது பார்ப்பதோ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் (பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும்) டர்போ எஞ்சின், டிரை கிளட்ச் டிசிடி, அதாவது எண்ணெயில் நனையாத இரட்டை கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். நெரிசலில் ஊர்ந்துகொண்டே போனால் அந்த கிளட்ச் சூடேறும். எஞ்சினுக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வின் மேல் பெட்ரோல் படாததால் அங்கே கரி சேரவும் வாய்ப்புண்டு.

சர்வீஸ் சென்டர் மேல் நம்பிக்கை இருக்கிறது என்றீர்களே, அது நல்ல காரணம். நானே அதற்காக இரண்டாவது முறையும் அதே பிராண்டில் வாங்கியிருக்கிறேன். ஆனால் முதலில் வண்டியை நெரிசல் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். கியர்பாக்ஸ் வாரண்டி எத்தனை வருடம், கிளட்ச் அதில் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.