ரூட் கெனாலுக்கு (பல் வேருக்குள் ஓடும் நரம்புக் கால்வாயைச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) முன் ஏன் சிபிசிடி ஸ்கேன் (பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) கேட்கிறார்கள்? சாதா எக்ஸ்ரே போதாதா?

பல நேரம் போதும். சிக்கல் தருவது முக்கியமாக மேல்தாடையின் முதல் கடைவாய்ப் பல். வேர் மூன்று, அதனால் கால்வாயும் மூன்று என்று நினைத்துவிட முடியாது. கன்னப்பக்கம் முன்னால் இருக்கும் வேருக்குள் பெரும்பாலும் இன்னொரு மெல்லிய கால்வாயும் இருக்கும். எக்ஸ்ரே தட்டையான நிழல்தானே, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகவே தெரியும். சிபிசிடியில் வேரின் குறுக்குவெட்டைப் பார்ப்பதால் இரண்டும் பெரும்பாலும் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரிந்துவிடும். தவறவிட்டால் கிருமி உள்ளேயே தங்கி, சிகிச்சை முடிந்த பல்லிலும் மறுபடி சீழ் பிடிக்கலாம்.

கீழ்த்தாடை இரண்டாம் கடைவாய்ப் பல்லிலும் இப்படிச் சிக்கல் வரலாம்; சிலருக்கு வேர்கள் ஒட்டி, கால்வாய் ஆங்கில ‘சி’ எழுத்துபோல் வளைந்திருக்கும். அப்புறம், மைக்ரோ சிடி என்ற ஸ்கேன் சிபிசிடியைவிட நுட்பமானது. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் பிடுங்கிய பல்லுக்குத்தான்.