மலைக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில்: இலங்கை வானிலை கேள்வி பதில்

வேலூர் பக்கத்துப் பள்ளிகளில் 27 வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இலங்கைக்கு மூன்று முறை, மூன்று வேறு மாதங்களில் போயிருக்கிறேன். அங்குள்ள மழை, காற்று, வெயில் பற்றி நம் வட்டாரத்து நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

காட்பாடி அன்பர்: சார், பிள்ளைகளுக்கு மே மாதம் லீவு. குடும்பத்தோடு இலங்கை போக நினைக்கிறோம். மே மாதம் அங்கே மழைக்காலம் என்று பயமுறுத்துகிறார்கள். டிக்கெட் போடலாமா?

போடுங்கள். ஆனால் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தென்மேற்குப் பருவமழை மே கடைசியில் இறங்கும். கொழும்பு, காலி, இரத்தினபுரி எல்லாம் அதன் வழியில் இருக்கின்றன. 2016 மே மாதம் கேகாலை மாவட்டம் அரநாயக்கவில் மலைச்சரிவு ஊர்களை மூடியது. 2017 மே மாதம் களுத்துறை, இரத்தினபுரி, மாத்தறையில் பெருவெள்ளம். எனவே மாதக் கடைசியில் மேற்கு மலைச்சரிவுகளுக்குக் குழந்தைகளோடு போவதை நான் சம்மதிக்க மாட்டேன். அதே நாட்களில் திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வானம் தெளிவாக, கடல் குளம்போல இருக்கும். வெயில் மட்டும் கடுமை. கத்திரியில் வேலூரில் இருந்து பழகிய உங்களுக்கு அது பெரிதில்லை.

ஆம்பூர் வாசகர்: அவ்வளவு சின்னத் தீவில் ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் வறட்சி என்பது எப்படி சார்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தீவின் அகலம் அதிகபட்சம் சுமார் 220 கிலோமீட்டர். வேலூரிலிருந்து பெங்களூர் போகிற தூரம்தான். ஆனால் நடுவில், சற்றே தெற்கே தள்ளி, 2,000 மீட்டருக்கு மேல் மலைகள் நிற்கின்றன. உச்சியான பீதுருதாலகாலை 2,524 மீட்டர். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலையில் முட்டி, மேலே ஏறி, குளிர்ந்து, தண்ணீரை அங்கேயே கொட்டிவிடும். மேற்குச் சரிவில் வட்டவளை, கினிகத்தேனை பக்கம் ஆண்டுக்கு 5,000 மி.மீ.க்கும் மேல் மழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் கிழக்குச் சரிவுகள் நனையும். இரண்டுக்கும் நடுவே மார்ச் ஏப்ரலிலும் அக்டோபர் நவம்பரிலும் இடைப்பருவம். காலையில் வெயில் கொளுத்தும், மத்தியானத்துக்கு மேல் இடி இடித்து நாடெங்கும் பரவலாகப் பெய்யும். ஆக, அவர்களுக்கு ஆண்டில் நான்கு பருவம்.

ஒரு ஜூலை மாதம் நானுஓயாவிலிருந்து பதுளை ரயிலில் போனேன். பட்டிப்பொளை ஸ்டேஷனில் தூறல், மூடுபனி. எதிரே இருந்த அம்மா சால்வையைக் காது வரை இழுத்துப் போர்த்தியிருந்தார். ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. வெளியே வந்ததும் கண் கூசும் வெயில், பளிச்சென்ற நீல வானம். ஜன்னல் கண்ணாடியில் மழைத்துளி இன்னும் காயவில்லை. அந்த அம்மா சிரித்துக்கொண்டே சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தார். கரும்பலகையில் மழைமறைவுப் பிரதேசம் என்று எத்தனையோ முறை படம் போட்டிருக்கிறேன். அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

மட்டக்களப்பில் சம்பந்தம் செய்த வேலூர் அம்மா: சம்பந்தி வீட்டில் ‘கச்சான் அடிக்குது’ என்றார்கள். அங்கே கச்சான் என்றால் கடலை இல்லையா?

இரண்டும்தான் அம்மா. நம் ஊர் மல்லாட்டைக்கு அங்கே கச்சான் என்று பெயர். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றும் கச்சான்தான். மலையின் அந்தப் பக்கம் ஈரத்தை எல்லாம் இழந்த காற்று, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. உதடு வெடிக்கும், துவைத்த துணி முறுக்காகக் காயும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி ஆனி ஆடியில் நம்மிடம் வருகிற மேல்காற்றும் இதற்கு உறவுதான். இதே வறண்ட காற்றுதான் கிழக்குச் சரிவில் ஊவா மலைத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை தனி மணம் கொடுக்கிறது. மேற்குச் சரிவில் திம்புள்ளைத் தேயிலைக்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச். ஒரே மலை, இரண்டு பக்கம், இரண்டு ருசி.

இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்த தங்கை, வேலூர் மாவட்டம்: ஐயா, அம்மம்மா யாழ்ப்பாணத்துக்காரர். காற்று வீசினால் ‘சோழகம்’, ‘வாடை’ என்று ஏதேதோ சொல்லுவா. எனக்குப் புரிவதில்லை.

தங்கச்சி, அம்மம்மாவிடம் இருப்பது பெரிய படிப்பு. சோழகம் தென்மேற்கிலிருந்து வீசுவது, வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாசி வரை. வாடை வடகிழக்கிலிருந்து வருவது, மழையையும் குளிரையும் கொண்டுவருவது. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறுவது அந்தக் காற்றில்தான். கொண்டல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருவது.

யாழ்ப்பாணம் தட்டை நிலம், ஈரக்காற்றை மேலே தூக்க அங்கே மலை இல்லை. அதனால் சோழகம் மழை தராமல் பனையோலையைச் சலசலக்க வைத்துவிட்டுப் போய்விடும். வருஷத்து மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள். வருஷம் முழுக்க ஓடும் ஆறும் கிடையாது. அந்த மூன்று மாத மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிக் கிணறுகளில் நின்றால்தான் அடுத்த ஆவணி வரை தோட்டம். வாடை எப்போது தொடங்கும், எந்த மாதம் கிணறு வற்றும் என்று அம்மம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். இந்தப் பெயர்கள் உங்களோடு நின்றுவிடக் கூடாது.

குடியாத்தம் விவசாயி: அங்கே நெல் எத்தனை போகம்? ஏரிப் பாசனம் உண்டா?

இரண்டு. வடகிழக்கு மழையை நம்பி புரட்டாசி வாக்கில் தொடங்கி பங்குனிக்குள் அறுப்பது பெரும்போகம். மே முதல் ஆகஸ்ட் வரை சிறுபோகம், அது பெரும்பாலும் தேக்கிய தண்ணீரில். நாம் ஏரி என்பதை அவர்கள் குளம் என்பார்கள். ஒன்று நிரம்பி அடுத்ததற்கு வழியும் சங்கிலி, நம் வட ஆர்க்காட்டு ஏரிகளைப் போலவே. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு பெருக்கிக் கட்டிய பராக்கிரம சமுத்திரத்தின் கரையில் நின்றபோது எனக்குக் காவேரிப்பாக்கம் ஏரிதான் நினைவுக்கு வந்தது.

ஒரு விஷயம் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அவர்கள் ‘உலர் வலயம்’ என்பது 1,750 மி.மீ.க்குக் குறைவாகப் பெய்கிற நிலத்தை. திருகோணமலைக்கு ஆண்டுக்கு 1,500 மி.மீ. அளவில் மழை. நமக்கு ஆயிரம் பெய்தாலே பெரிது. ஆனால் அங்கே அது சில மாதத்தில் கொட்டி முடிந்துவிடும், பிறகு நீண்ட வறட்சி. அதனால்தான் அத்தனை குளம். நமக்குத் தென்மேற்குப் பருவத்திலும் சாயங்கால இடிமழை கிடைத்து, இரண்டு பருவமும் ஏறக்குறைய சமமாகக் கைகொடுக்கின்றன. மன்னாரும் அம்பாந்தோட்டையும்தான் மழை அளவில் நமக்குச் சமம்.

சத்துவாச்சாரி இளைஞர்: நுவரெலியா ஏலகிரி மாதிரி இருக்குமா?

இல்லை தம்பி. ஏலகிரி 1,100 மீட்டர், அது 1,860ஐத் தாண்டும். ஆண்டுச் சராசரியே 16 டிகிரிதான். ஜனவரி விடியலில் புல்மேல் உறைபனி படியும். நல்ல ஸ்வெட்டராக எடுத்துப் போங்கள்.

வாணியம்பாடி வாசகர்: அங்கே அடிக்கிற புயல்தான் இங்கே வருகிறதா?

பல சமயம் ஆமாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வட இலங்கையைக் கடந்துதான் வந்தது. 2008 நவம்பரில் நிஷா யாழ்ப்பாணத்தை மூழ்கடித்துவிட்டுக் காரைக்கால் அருகே கரையேறியது. 1978 நவம்பர் புயலை மட்டக்களப்பில் வயதானவர்கள் இன்னும் சொல்லி அழுகிறார்கள். நவம்பரில் மட்டக்களப்பு, முல்லைத்தீவுக்குக் கனமழை என்று செய்தி வந்தால் நானும் வானிலைச் செய்தியை விடாமல் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

வேலூர் கல்லூரி மாணவி: பாலாற்றங்கரை முத்துமண்டபத்தில் சமாதியாக இருக்கும் கண்டி ராஜாவின் ஊரில் வெயில் எப்படி சார்?

ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரை 1815இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு குடும்பத்தோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். கண்டி சுமார் 500 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஊர். இரண்டு பருவமும் தொடும் இடம், வருஷம் முழுக்கப் பச்சை. சராசரி 25 டிகிரிக்குள். நம் ஊரில் மே மாதம் 40ஐ ஏறித் தாண்டுவது உங்களுக்கே தெரியும். கோட்டைக் கருங்கல் சுவர் ராத்திரி வரைக்கும் சூட்டைக் கக்கும். அந்த மனிதர் 16 கோடையை இங்கே கழித்திருக்கிறார். இறந்தது 1832 ஜனவரி 30. வேலூரில் விடியற்காலை கொஞ்சம் கண்டி போலக் குளிரும் மாதம் அது. பாலாற்றங்கரையில் அவர் சமாதிக்கு நீங்கள் போவதானால் ஜனவரியில் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்.