சாவில் என்ன சிரிப்பு?

அன்புள்ள ஐயா,

பீர் ஆலைத் தொட்டி வெடித்துத் தெருவெல்லாம் பீர் ஓடிய லண்டன் பீர் வெள்ளம் பற்றி நீங்கள் எழுதியதை ராத்திரி படுக்கப்போகும் நேரத்தில் படித்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எட்டுப் பேர் செத்ததற்கா சிரித்தோம் என்று அப்புறம் உறுத்தியது. இது தப்பில்லையா? இன்னொன்று. தெருவில் ஓடிய பீரை ஜனங்கள் சட்டி பானையில் மொண்டு குடித்தார்களாம், ஒருவர் குடித்தே செத்தாராம். கதையில் பெரிய தமாஷே அதுதானே, ஏன் விட்டுவிட்டீர்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தத் தமாஷை விட்டதற்குக் காரணம், அது பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தது. 1814 அக்டோபர் 17 அன்று நடந்ததை எழுதிய அன்றைய பத்திரிகைகளில் குடித்துக் கூத்தடித்த கூட்டம் கிடையாது. பீர் புகுந்தது செயின்ட் ஜைல்ஸ் பகுதியின் ஏழைக் குடியிருப்புக்குள். ஏழை என்றால் ஓசியில் கிடைத்ததைக் குடித்திருப்பான் என்று யாரோ முடிவுகட்டியிருக்கிறார்கள். உண்மையில் அங்கே ஒரு நிலவறையில், இறந்துபோன இரண்டு வயதுக் குழந்தைக்காகத் துக்கம் காத்துக்கொண்டிருந்தார்கள். செத்த எட்டுப் பேரில் ஐந்து பேர் அந்தத் துக்க வீட்டில் இருந்தவர்கள்.

நீங்கள் இதற்குச் சிரித்திருக்க மாட்டீர்கள். குமாஸ்தா வரும் இடத்தில்தான் சிரித்திருப்பீர்கள், நானும் அங்கேதான் சிரித்தேன். ஆலையில் 22 அடி உயர மரத்தொட்டி. சாயங்காலம் நாலரை மணிக்கு அதைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டைகளில் ஒன்று கழன்று விழுகிறது. எடை 300 கிலோவுக்கு மேல். குமாஸ்தா போய்ச் சொல்கிறார். ஒன்றும் ஆகாது என்கிறார்கள், வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை நடப்பதுதானே. சரி, பழுது பார்க்கச் சொல்லி ஒரு பங்குதாரருக்குக் கடிதம் எழுது என்கிறார்கள். எழுதுகிறார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே தொட்டி வெடிக்கிறது. கைவசம் இருந்த ஒரு மணி நேரத்தைக் கடிதப் போக்குவரத்துக்குச் செலவழித்திருக்கிறார்கள்!

விசாரணையில் யார்மீதும் குற்றமில்லை, துரதிர்ஷ்டம் என்று முடித்தார்கள். வீணாய்ப் போன பீருக்குக் கட்டியிருந்த வரியை ஆலை திரும்ப வாங்கிக்கொண்டது. செத்தவர்களின் குடும்பங்களுக்கு நஷ்டஈடு என்று எதுவும் தரவில்லை. இதை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு எழுதினால், அந்தத் தீர்ப்பை எழுதியவர்களின் ஆளாகிவிடுவேன்.

எழுதும்போது நான் பார்ப்பது, சிரிப்பு யார் தலையில் விழுகிறது என்பதைத்தான். கி.பி. 897இல் போப் ஆறாம் ஸ்டீபன், சில மாதங்களுக்கு முன் செத்த போப் ஃபார்மோசஸைத் தோண்டியெடுத்து, அங்கி போட்டு, ஆசனத்தில் உட்காரவைத்து விசாரித்தார். பிணத்தின் சார்பில் பதில் சொல்ல ஒரு திருத்தொண்டரையும் நிறுத்தினார். தீர்ப்பு: குற்றவாளி. ஆசீர்வதிக்கும் விரல்களை வெட்டி, உடலை டைபர் ஆற்றில் வீசினார்கள். அந்த அறையில் அபத்தமாக ஒரு வார்த்தை பேசாதவர் ஃபார்மோசஸ் ஒருவர்தான்.

எல்லாக் கதையும் இப்படி வசதியாக அமைவதில்லை. எல்மர் மெக்கர்டி அமெரிக்க ரயில் கொள்ளைக்காரர். 1911இல் தப்பான ரயிலை மறித்து, 46 டாலரும் கொஞ்சம் விஸ்கியும்தான் தேற்றினார். சில நாளில் சுட்டுக் கொன்றார்கள். பிணத்தை வாங்க ஆள் வராததால், பதப்படுத்தியவர் அதை நிற்கவைத்துக் காசு வசூலித்தார். பிறகு, அண்ணன் தம்பி என்று சொல்லிக்கொண்டு வந்து வாங்கிப்போனவர்கள் கண்காட்சிக்காரர்கள். 1976இல் லாங் பீச் கேளிக்கைப் பூங்கா ஒன்றில், தூக்கில் தொங்கும் பொம்மையைத் தொலைக்காட்சிப் படக்குழு நகர்த்தியபோது கை கழன்று வந்தது. உள்ளே எலும்பு.

இங்கே மெக்கர்டியின் கொள்ளைக்குச் சிரிக்கலாம், அது அவர் உயிரோடு செய்த சொதப்பல். பிணத்தை வைத்துச் சில்லறை பார்த்தவர்களையும் தாராளமாகக் கிண்டலடிக்கலாம். அந்த உடல் எப்படி இருந்தது என்பதை வைத்து ஒரு ஜோக் எழுதியிருந்தேன், நல்ல ஜோக்தான், ஆனாலும் நீக்கிவிட்டேன். 1977இல் ஓக்லஹோமாவில் முறையாகப் புதைத்தபோது சவப்பெட்டிமேல் கான்கிரீட் கொட்டினார்கள். இன்னொரு அண்ணன் தம்பி வந்துவிடக்கூடாது அல்லவா.