பிரான்சின் மலைக்கிராமங்களில் கிராவல் சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரான்சின் நடுத்தெற்கில் பரந்து கிடக்கும் மாஸிஃப் சாந்த்ரால் மேட்டுநிலத்தின் மண் பாதைகளில் கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதைகளிலும் ஓட்டத்தக்க, சற்று அகன்ற டயர் கொண்ட சைக்கிள்) ஓட்டுவது பற்றிய கேள்விகள் இம்முறை மிகுதியாக வந்துள்ளன. பெரும்பாலானோர் தூரத்தையும் உயரத்தையும் கேட்கிறார்கள். அவற்றைவிட, பாதை எந்தப் பாறையின்மேல் போகிறது, அது யாருக்குச் சொந்தம் என்ற இரண்டையும் முதலில் கேட்பதே பயன் தரும் என்பது என் எண்ணம்.

கேள்வி: பர்கண்டியிலிருந்து மத்தியதரைக் கடல் வரை செல்லும் ஜி.டி.எம்.சி. (மாஸிஃப் சாந்த்ராலை நெடுகக் கடக்கும் வழி) என்னும் நெடும்பாதையைக் கிராவல் சைக்கிளில் முழுமையாகக் கடக்க முடியுமா?

பதில்: முடியும், ஆனால் சில இடங்களில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். அவாலோனில் தொடங்கி ஆக்த் கடற்கரையில் முடியும், ஏறத்தாழ 1,400 கி.மீ. நீளமுள்ள அந்தப் பாதை மலை சைக்கிளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. வடக்கே மொர்வான் காடுகளில் மரம் ஏற்றும் லாரிகளுக்காகச் சரளையிட்டு இறுக்கிய பாதைகள் நிறைய இருப்பதால் அங்கே சிரமமின்றி ஓட்டலாம். தெற்கே செவென் மலைகளின் இறக்கங்களில், அதிர்வுதாங்கி இல்லாத முன்சக்கரம் ஒவ்வொரு கல்லையும் மணிக்கட்டுக்கு அனுப்பிவிடும். அத்தகைய பகுதிகளில் பாதையை விட்டு விலகி, வரைபடத்தில் 'டி' என்ற எழுத்துடன் வரும் சிறு மாவட்டச் சாலைகளைப் பிடிப்பதில் எந்த இழுக்கும் இல்லை. அவை குறுகியவை; பல சாலைகளில் அரை மணிக்கு ஒரு வண்டி வந்தாலே அதிகம்.

கேள்வி: எந்த அளவு டயர் போடுவது? 35 மி.மீ. போதும் என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: அவர் எந்தப் பாறையை நினைத்துச் சொன்னார் என்று கேளுங்கள். மொர்வானிலும் மார்ழெரீத் மலைகளிலும் கிரானைட் பாறை சிதைந்து கரடுமுரடான மணலாகிப் பாதையில் பரவிக் கிடக்கிறது. மழை பெய்த சில மணி நேரத்திலேயே நீர் வடிந்துவிடும், சேறு குறைவு, அங்கே 38 மி.மீ. டயர் போதுமானது. ஓப்ராக் என்பது எரிமலை மேட்டுநிலம். பசால்ட் கற்களை அடுக்கிய சுவர்களுக்கு நடுவே, கால்நடைகளை மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்லும் 'திராய்' என்னும் பழைய வழிகள் போகின்றன. புல்லுக்குள் மறைந்திருக்கும் கற்கள் எதிர்பாராத நேரத்தில் சக்கரத்தைத் தட்டிவிடும். மிகவும் கொடியது சுண்ணாம்புக்கல். கோஸ் மெழான் போன்ற மேட்டுநிலங்களில் கல் உடையும்போது கூரான விளிம்புகளோடு உடைவதால், மெல்லிய டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். பக்கச்சுவர் கிழிந்தால், ட்யூப் இல்லாத (ட்யூப்லெஸ்) டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றும் திரவத்தாலும் அடைக்க முடியாது. உள்ளிருந்து ஒரு துண்டு வைத்து, மாற்று ட்யூப் போட வேண்டும். இப்பகுதிகளைச் சேர்த்துச் சுற்ற நினைப்பவர் 45 மி.மீ. அகலமும் வலுவான பக்கச்சுவரும் கொண்ட ட்யூப்லெஸ் டயரை எடுப்பதே நல்லது. ஒருமுறை எடையைக் குறைக்கும் ஆசையில் மெல்லிய டயரோடு மெழான் ஏறி, கிழிந்த இடத்தில் மடித்த பணத்தாளைச் செருகி 20 கி.மீ. ஊர்ந்து வந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

கேள்வி: தார்ச்சாலையில் ஒரு நாளைக்கு 100 கி.மீ. ஓட்டுகிறேன். அங்கே எவ்வளவு திட்டமிடலாம்?

பதில்: மூட்டையோடு 60 கி.மீ., 1,500 மீட்டர் ஏற்றம் என்றால் அது முழு நாள் வேலை. இந்த நிலத்தில் மேடுகள் சமதளமாக இருக்கும். இடையில் ஆறுகள் அறுத்த பள்ளத்தாக்குகள்தான் காலை ஒடிக்கும். தார்ன் நதிக்கரையில் உள்ள சேன்த் எனிமியிலிருந்து மெழான் மேட்டை எட்ட, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தை ஒரே மூச்சில் ஏற வேண்டும். கியர் தேர்வில்தான் பலர் தவறு செய்கிறார்கள். செங்குத்தான மண் ஏற்றத்தில் மணிக்கு 6 கி.மீ. வேகம் வரும் என்று வைத்துக்கொள்வோம். முன் பற்சக்கரத்திலும் பின் பற்சக்கரத்திலும் 40 பற்கள் இருந்தால் பெடல் நிமிடத்துக்கு 45 சுற்றுதான் சுற்றும். முழங்கால் வலிக்கும், பின்சக்கரமும் சறுக்கும். முன்னால் 30, பின்னால் 40 என்றால் அதே வேகத்தில் 60 சுற்று கிடைக்கும்.

கேள்வி: வரைபடத்தில் பாதை இருக்கிறது, போய்ப் பார்த்தால் 'தனியார் சொத்து' என்ற பலகை. போகலாமா?

பதில்: போகக் கூடாது. பிரான்சின் அரசு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என். வெளியிடும் 1:25,000 வரைபடம் பாதை இருப்பதைக் காட்டுமே தவிர, அதில் செல்லும் உரிமையைக் காட்டாது. 'ஷெமென் ரூரால்' எனப்படும் ஊர்ப்பாதை கிராம நிர்வாகத்துக்குச் சொந்தமானது, பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியது. 'ஷெமென் தெக்ஸ்ப்ளுவாத்தாசியோன்' என்பது வயல்களுக்குச் செல்ல நில உரிமையாளர்கள் பகிர்ந்துகொள்ளும் வழி. அதில் பிறர் செல்வதை அவர்கள் தடுக்கலாம். நிலத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நிலவரி வரைபடத்தில்தான் வேறுபாடு தெரியும், அதை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2023 பிப்ரவரியில் வந்த சட்டத்துக்குப் பிறகு, தெளிவாகப் பலகை வைத்த தனியார் கிராமப்புற நிலத்தில் நுழைவது அபராதத்துக்குரிய குற்றம்.

கேள்வி: ஆட்டு மந்தையைக் காக்கும் வெள்ளை நாய்களைப் பற்றிக் கேள்விப்பட்டு அஞ்சுகிறேன்.

பதில்: 'பாத்தூ' எனப்படும் அந்த நாய் உங்களைத் துரத்த வருவதில்லை, மந்தைக்கு நீங்கள் ஆபத்தா என்று சோதிக்க வருகிறது. வேகமாக நகரும் சைக்கிள் அதன் கண்ணுக்கு ஓநாயிலிருந்து பெரிதாக வேறுபட்டதல்ல. ஆகவே தூரத்திலேயே இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே பிடித்துக்கொண்டு, அமைதியாகப் பேசியபடி, மந்தையை அகலமாகச் சுற்றி நடந்து செல்லுங்கள். கல்லை எடுக்காதீர்கள், கம்பை ஓங்காதீர்கள், கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள்.

கேள்வி: தண்ணீருக்கு என்ன செய்வது?

பதில்: கிராமக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்காக அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். 'ஓ நோன் போத்தாப்ள்' என்று எழுதியிருந்தால் அது குடிநீர் அல்ல. கோஸ் மேடுகளில் மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கிவிடுவதால் ஓடைகளை எதிர்பார்க்க முடியாது. கல் பாவிய வட்டக் குட்டைகள் கண்ணில் படும், அவை ஆடுகளுக்கானவை. பள்ளத்தாக்கிலேயே மூன்று லிட்டர் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். சிற்றூர்க் கடைகள் நண்பகலில் இரண்டு மணி நேரமாவது மூடியிருக்கும். ரொட்டிக்கடை பல ஊர்களில் திங்களன்று திறக்காது.

கேள்வி: பத்து வயது மகளோடு செல்லத்தக்க வழி உண்டா?

பதில்: அர்தேஷ் மாவட்டத்தின் தோல்சே வியா. பழைய மலை ரயில் தடத்தில் அமைந்த, 90 கி.மீ. அளவிலான மண் பாதை. ரயில் ஏறிய வழி என்பதால் சரிவு மென்மையானது. மேலிருந்து கீழாகச் செல்லுங்கள்.

கேள்வி: எந்த மாதம் உகந்தது? ரயிலில் சைக்கிள் ஏற்றலாமா?

பதில்: மே இறுதி முதல் ஜூன் வரை, அல்லது செப்டம்பரின் முதல் பாதி. இலையுதிர் காலத்தில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று செவென் சரிவில் மோதி, சில மணி நேரத்திலேயே ஆறுகளைப் பெருக்கெடுக்கச் செய்யும் பேய்மழையைக் கொட்டுவதுண்டு. அதே பருவத்தில் வேட்டையும் தொடங்கிவிடும். 'ஷாஸ் ஆன் கூர்' (வேட்டை நடக்கிறது) என்ற பலகையைக் கண்டால் திரும்பிவிடுங்கள், பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணியுங்கள். ரயிலைப் பொறுத்தவரை, கிளெர்மோன் ஃபெரானிலிருந்து நீம் செல்லும் பழைய மலைத்தடம் நமக்கென்றே போட்டதுபோல் இருக்கிறது. லா பாஸ்தீத் நிலையம் 1,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே இறங்கினால் முதல் ஏற்றத்தை ரயிலே ஏறிக் கொடுத்துவிடுகிறது. அங்கிருந்து லோசேர் மலையைக் கடந்து அலேஸ் வரை மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். வட்டார ரயில்களில் சைக்கிளுக்கான இடங்கள் சிலவே. கோடையில் சில தடங்களில் முன்பதிவும் தேவைப்படும் என்பதால், தங்குமிடத்துக்குப் பணம் கட்டும் முன் ரயிலில் இடத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.