ஆடைக்கு எதற்கு விசா? கோட்டா காலம் இன்றைய வரியைவிட உண்மையிலேயே நல்லதா?

"கோட்டா காலமே மேல் என்று திருப்பூரில் பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்போது அமெரிக்காவுக்கு அனுப்பும் ஆடைக்கு விசா வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். கோட்டா, விசா இரண்டும் ஒன்றா? அமெரிக்கா இப்போது போடும் இறக்குமதி வரியோடு ஒப்பிட்டால் அது நல்லதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோட்டா கையில் வைத்திருந்தவர்களுக்கு அது பொற்காலம்தான். அப்படிச் சொல்லும் பெரியவரிடம், "உங்களிடம் எத்தனை டஜன் கோட்டா இருந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நான் அந்த ஆண்டுகளில் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் ஆவணப் பிரிவில் இருந்தவன். கோட்டாவுக்கு உரிமையாளனும் அல்ல, அது கிடைக்காமல் தவித்த முதலாளியும் அல்ல. அதனால் கொஞ்சம் தள்ளி நின்று சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

கோட்டாவும் விசாவும் ஒன்றல்ல. இந்த நாட்டிலிருந்து இந்த வகை ஆடை ஓர் ஆண்டில் இவ்வளவுதான் வரலாம் என்று இறக்குமதி செய்யும் நாடு வைக்கும் உச்சவரம்பு, கோட்டா. இந்தச் சரக்கு அந்த வரம்புக்கு உட்பட்டதுதான் என்று ஏற்றுமதி செய்யும் நாடு இன்வாய்ஸில் போட்டுத் தரும் முத்திரை, விசா. அமெரிக்கா போகும் மனிதருக்கு விசா தருவது அமெரிக்கா. அமெரிக்கா போகும் சட்டைக்கு விசா தந்தது இந்தியா. பின்னால் நடந்த கூத்தெல்லாம் இந்த ஏற்பாட்டிலிருந்து முளைத்ததுதான்.

எப்படித் தொடங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950களில் ஜப்பானிலிருந்து ஒரு டாலர் விலையில் பெண்களுக்கான மேல்சட்டைகள் அமெரிக்காவில் குவிந்தன. அங்கிருந்த ஆலைகள் கூச்சலிட்டன. 1957 முதல் ஜப்பான் 'தானாகவே' ஏற்றுமதியைக் குறைத்துக்கொண்டது. 1961இல் பருத்தித் துணிக்குக் குறுகிய கால ஒப்பந்தம், 1962இல் நீண்ட கால ஒப்பந்தம், 1974இல் கம்பளியையும் செயற்கை இழைகளையும் சேர்த்துப் பல இழை ஒப்பந்தம் என்று வளர்ந்தது. எம்.எஃப்.ஏ. என்று திருப்பூரில் எல்லோரும் சொன்னது இந்தக் கடைசி ஒப்பந்தத்தைத்தான். பிற பொருள்களுக்கு இப்படி அளவுக் கட்டுப்பாடு வைக்கக் கூடாது என்பது பொதுவான உலக வர்த்தக விதி. துணிக்கு விலக்கு. தற்காலிகம் என்று தொடங்கிய விலக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அமெரிக்கக் கோட்டாவின் மொழி எண்களால் ஆனது. 300 வரிசை பருத்தி, 400 கம்பளி, 600 செயற்கை இழை. ஆண்களுக்கான பருத்திப் பின்னலாடைச் சட்டை 338, பெண்களுக்கானது 339, நெய்த துணியில் தைத்த ஆண்கள் சட்டை 340. டி-ஷர்ட் என்று யாரும் பேச மாட்டார்கள்; "த்ரீ தர்ட்டி எயிட் இருக்கிறதா?" என்பார்கள். கணக்கு டஜனில் ஓடும். வகைகளை ஒப்பிடுவதற்காக எல்லாவற்றையும் சதுர மீட்டருக்கு மாற்றும் வாய்ப்பாடும் இருந்தது: ஒரு டஜன் பின்னலாடைச் சட்டை 6 சதுர மீட்டர், ஒரு டஜன் நெய்த சட்டை 20.1 சதுர மீட்டர். ஒரு வகையில் மிஞ்சியதை இன்னொரு வகைக்கு மாற்றலாம், அடுத்த ஆண்டின் அளவில் கொஞ்சம் முன்கடனாக வாங்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் சதவீத வரம்பு உண்டு.

விசாதான் என் பாடு. அசல் இன்வாய்ஸின் முன்பக்கத்தில் நீல மையில் முத்திரை இருக்க வேண்டும். நகலில் போட்டால் செல்லாது. விசா எண்ணில் ஒன்பது இடங்கள்: ஏற்றுமதி ஆண்டின் கடைசி இலக்கம், நாட்டைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு ஆறு இலக்க வரிசை எண். தேதி, அதிகாரியின் கையெழுத்து, சரியான வகை எண், முழு எண்ணில் அளவு ஆகியவையும் வேண்டும். தசமமும் பின்னமும் ஏற்க மாட்டார்கள். இவற்றில் ஒன்று பிசகினாலும் அமெரிக்கச் சுங்கம் சரக்கைத் தொடாது. புதிய விசா வாங்க வேண்டும், அல்லது வாஷிங்டனில் உள்ள இந்தியத் தூதரகத்திலிருந்து விலக்குக் கடிதம் பெற்றுத் தர வேண்டும். அதுவரை கிடங்கு வாடகை ஓடும், பையரின், அதாவது அங்கே சரக்கை வாங்கும் நிறுவனத்தின், விற்பனைக் காலம் கடந்துபோகும்.

இதில் என்னை மிகவும் வாட்டிய விதி ஒன்று. விசாவில் எழுதிய அளவைவிடச் சரக்கு குறைவாக இருந்தால் பரவாயில்லை. வந்ததை மட்டும் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். கூடுதலாக இருந்தால் அனுமதி இல்லை. பனியன் கம்பெனிகளின் பழக்கமோ நேர் எதிரானது. தையலிலும் சாயத்திலும் சேதாரம் போகும் என்று நான்கைந்து சதவீதம் கூடுதலாக வெட்டுவார்கள். சேதாரம் குறைந்தால் மீதியையும் பெட்டியில் போட்டுவிடுவார்கள். சரக்குக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் கடன் கடிதத்தில் அதற்கு இடம் வைத்திருப்பார்கள், பையரும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார். விசா விடாது. அதனால் கப்பல் தேதி நெருங்கினால் நான் மேசையில் இருப்பதைவிட பேக்கிங் பிரிவில் நின்று பெட்டி எண்ணியதுதான் அதிகம். பேக்கிங் மேற்பார்வையாளருக்கு என்னைக் கண்டாலே பிடிக்காது.

விசா சரியாக இருந்தாலும் உள்ளே போவது உறுதியல்ல. அந்த ஆண்டின் அளவு ஏற்கெனவே நிரம்பியிருந்தால் சரக்கு சுங்கப் பூட்டுள்ள கிடங்கில் காத்திருக்க வேண்டியதுதான். எந்த நாட்டுக்கு எந்த வகையில் எவ்வளவு என்று அங்கே முடிவு செய்தது 1972இல் அமைக்கப்பட்ட அரசுத் துறைகளின் குழு ஒன்று. பின்னாளில் விசா விவரங்களை மின்னணு வழியில் சரிபார்க்கும் முறை வந்தது. அதன் சுருக்கப் பெயர் எல்விஸ். பெயர் வைத்தவர் அமெரிக்கப் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் ரசிகராகத்தான் இருக்க வேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இந்தியாவுக்குக் கிடைத்த ஆடைக் கோட்டாவை ஏற்றுமதியாளர்களுக்குப் பங்கிட்டது ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில், ஏ.இ.பி.சி. 1978இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பின் முதன்மை வேலையே அதுதான். பெரும் பங்கு, முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு அனுப்பினார்களோ அதன் அடிப்படையில் போகும். புதிதாக முதலீடு செய்தவர்களுக்கும், முதலில் வருவோருக்கும் என்று சிறு சிறு பங்குகள் உண்டு. ஆக, நேற்று அனுப்பியவரே நாளையும் அனுப்பலாம். புதிதாக வருபவர் வாசலில் நிற்க வேண்டும்.

நின்றவர் என்ன செய்தார்? கோட்டா வைத்திருந்தவரிடம் டஜனுக்கு இவ்வளவு என்று பிரீமியம் கொடுத்து வாங்கினார். மாற்றிக்கொள்ள விதியே இடம் கொடுத்தது. தேவை அதிகமான வகைகளில் சட்டை தைத்தவருக்கு நின்ற லாபத்தைவிட, தையல் எந்திரத்தின் பக்கமே போகாமல் காகிதத்தை விற்றவருக்கு நின்றது அதிகம். ஹாங்காங்கில் இதற்கென்று வெளிப்படையான சந்தையே இருந்தது. தொழிற்சாலையை மூடிவிட்டு, பழைய ஏற்றுமதியின் பெயரில் வரும் கோட்டாவை ஆண்டுதோறும் விற்றுச் சாப்பிட்டவர்கள் அங்கே உண்டு, இங்கேயும் உண்டு. குத்தகைக்கு விட்ட நிலம் போல அது வருமானம் தந்தது.

வரி அப்படியல்ல. வரிப் பணம் இறக்குமதி செய்யும் நாட்டின் கருவூலத்துக்குப் போகிறது. கோட்டாவால் ஏறும் விலையின் ஒரு பகுதி ஏற்றுமதி செய்யும் நாட்டில் உரிமம் வைத்திருப்பவருக்கு வந்து சேர்கிறது. பொருளாதாரம் படித்தவர்கள் இதைக் கோட்டா வாடகை என்பார்கள். 'அது நல்ல காலம்' என்ற நினைவின் வேர் இங்கேதான் இருக்கிறது. இதைச் சொல்பவர்கள் விட்டுவிடும் ஒன்றும் உண்டு. கோட்டா காலத்தில் வரி இல்லாமல் இல்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவின் அடிப்படை வரி இன்றும் 16.5 சதவீதம். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீதம் வரை கூடுதல் வரி வந்தபோது ஏற்பட்ட அடியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வரியில் விலையைக் குறைத்தோ, லாபத்தை விட்டோ விற்கப் பார்க்கலாம். கோட்டா முடிந்துவிட்டால் இலவசமாகக் கொடுத்தாலும் அனுப்ப முடியாது.

கோட்டா தொழிற்சாலைகளையே நாடு நாடாக நகர்த்தியது. இந்திய அளவு நிரம்பியதும் நம் வியாபாரிகள் சிலர் 1980களில் காத்மாண்டுக்குப் போய்த் தைத்தார்கள். நேபாள ஆடை ஏற்றுமதி அப்படித்தான் எழுந்தது, கோட்டா போனதும் சரிந்தது. தென் கொரியாவின் டேவூ, வங்கதேசத்தின் தேஷ் நிறுவனத்தோடு கைகோத்து 1979இல் 130 பேரைக் கொரியாவுக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தது. வங்கதேசத்துக்கு அப்போது கோட்டா கட்டுப்பாடு இல்லை என்பது இதற்கு முக்கியக் காரணம். இலங்கை முதலீட்டாளர்கள் மாலத்தீவில் தொழிற்சாலை வைத்து, இலங்கைப் பெண்களையே கூட்டிப்போய்த் தைத்தார்கள். இலங்கைக்குள் 1992இல் அதிபர் பிரேமதாசா கிராமங்களுக்கு 200 ஆடைத் தொழிற்சாலைகள் கொண்டுபோக முயன்றபோது, பின்தங்கிய பகுதிக்குப் போனவர்களுக்குக் காட்டிய ஆசையே கோட்டாதான். இழையைக்கூட மாற்றினார்கள். பருத்திக்கும் கம்பளிக்கும் செயற்கை இழைக்கும்தான் கட்டுப்பாடு என்றதும், ராமி என்ற நார் 55 சதவீதமும் பருத்தி 45 சதவீதமும் கலந்த ஸ்வெட்டர்கள் அமெரிக்காவில் வந்து இறங்கின. 1986இல் ஒப்பந்தத்தைத் திருத்தி ராமியையும் பட்டுக் கலப்பையும் உள்ளே இழுத்தார்கள். 800 வரிசை பிறந்த கதை இது.

முடிவும் மெதுவாகத்தான் வந்தது. 1995 முதல் பத்தாண்டுகளில் கோட்டாவை நான்கு கட்டமாக விலக்குவதாக ஒப்புக்கொண்டார்கள்: இறக்குமதி அளவில் 16, 17, 18 சதவீதம், மீதி 49 சதவீதம் கடைசி நாளில். முதல் கட்டங்களில் பெரும்பாலும் கோட்டாவே இல்லாத பொருள்களை எடுத்துக் கணக்கை நிரப்பினார்கள். ஒப்பந்தப் பட்டியலில் குடை, பாராசூட், கடிகாரப் பட்டை வரை இருந்ததால் அது எளிதாயிற்று. நாம் உண்மையில் விற்ற சட்டையும் கால்சட்டையும் 2005 ஜனவரி 1 வரை காத்திருந்தன. அன்று கதவு திறந்ததும் சீனச் சரக்கு பாய்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஜூனில் சீனாவோடு புதிய அளவு பேசியது. ஆகஸ்டில் கோடிக்கணக்கான ஆடைகள் ஐரோப்பியத் துறைமுகங்களில் சிக்கின. அமெரிக்காவும் நவம்பரில் 2008 வரைக்கும் ஓர் உடன்பாடு செய்துகொண்டது.

விசா முத்திரை அதோடு ஒழிந்துவிடவில்லை. அமெரிக்கா 2000ஆம் ஆண்டு ஆப்பிரிக்க நாடுகளுக்கு வரிச் சலுகை தர இயற்றிய அகோவா சட்டத்தில் அதே முறை திரும்ப வந்தது. கென்யா, லெசோத்தோ போன்ற நாடுகளிலிருந்து போகும் ஆடைகளின் அசல் இன்வாய்ஸிலும், சலுகை வேண்டுமென்றால், அந்தந்த அரசின் முத்திரை கேட்டார்கள். அங்கே அது எந்தத் துணி, எங்கே நெய்தது என்று மெய்ப்பிப்பதற்கானது. நைரோபியிலும் மசேருவிலும் என்னைப் போல யாரோ பெட்டி எண்ணியிருப்பார்கள். பேக்கிங் பிரிவில் அவர்களுக்கும் நல்ல பெயர் இருந்திருக்காது.