மால்ட் சாறு இருக்க, தானியம் எதற்கு?

கேள்வி: மெல்பர்னில் என் தம்பி வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான். முளைகட்டிய பார்லியில் எடுத்த மால்ட் சாறு டப்பா நிறைய இருக்கும்போது தானியத்தையும் ஊறவைக்கிறானே, ஏன்?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: புளிக்கத் தேவையான சர்க்கரைக்குச் சாறு போதும் அம்மா, நிறத்துக்கும் மணத்துக்கும்தான் தானியம். கிரிஸ்டல் மால்ட் என்னும், முளைகட்டி வறுத்த பார்லியை ஒன்றிரண்டாக உடைத்து, துணிப்பையில் கட்டி, 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் போடுவார்கள். 20 லிட்டருக்குக் கால் கிலோ தாராளம். பையை எடுத்த பிறகே கொதிக்கவிட வேண்டும். உமியோடு கொதித்தால் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இறங்கி, அடுப்பில் மறந்துபோன டீயைப் போல நாக்கைப் பிடிக்கும். சாதாரண பார்லி மால்ட்டுக்கு இந்த ஊறல் போதாது. அதன் மாவுச்சத்தை அமைலேஸ் என்னும் நொதி சர்க்கரையாக்க, ஒரு மணி நேரமாவது அதே சூடு வேண்டும். உங்கள் வீட்டு முளைகட்டிய கேழ்வரகிலும் அதே அமைலேஸ்தான்.

தம்பி விடுமுறைக்கு வந்தால் தண்டையார்பேட்டை மொட்டைமாடியில் அடுப்பு மூட்டவிடாதீர்கள். 1937 மதுவிலக்குச் சட்டம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது!