அப்பாவின் சுகரும் நம் விசாரணையும்

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடமாகிறது. எது கூடாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனாலும் மாத்திரையை விட்டுவிடுகிறார், நடப்பதில்லை, சுகர் எவ்வளவு என்று கேட்டால் குறைத்துச் சொல்கிறார். தினமும் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: தினமும் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். மீட்டரில் 220 என்று வந்ததுமே "என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பித்தால், அடுத்த முறை அவர் சுகரைக் குறைக்க வழி தேட மாட்டார், உங்களிடமிருந்து தப்பிக்கத்தான் வழி தேடுவார், குறைத்துச் சொல்வார், இல்லாவிட்டால் டெஸ்ட் செய்வதையே விட்டுவிடுவார். ஒரு காரியத்தைச் செய்ததும் திட்டு விழுந்தால் அந்தக் காரியம் குறைந்துபோகும், இது நடத்தை உளவியலின் பாலபாடம். அவர் அப்போது செய்த காரியம் டெஸ்ட் எடுத்தது, அதற்குத்தான் திட்டு வாங்குகிறார்! "பார்த்தது நல்லதாப் போச்சு, எதனால ஏறியிருக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வந்தாலும், மனசில் கவலை இருந்தாலும் சுகர் ஏறும்.

அப்புறம், அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை, அதனால் புத்திமதி வேண்டாம். நேரமும் இடமும் குறித்த சின்னத் திட்டம் போதும். 'இந்தச் சமயம் வந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் சொன்னதைச் செய்ய வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் எழுதினார். "இனி ஒழுங்கா நடக்கிறேன்" என்பது நிற்காது. "ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவியதும் செருப்பை மாட்டிக்கொண்டு 10 நிமிடம் நடப்பேன்" என்பது நிற்கும், சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சுகரையும் அது கொஞ்சம் தணிக்கும். ஆனால் எந்த நேரம் என்பதை அவரே சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் ஒரு பழக்கம் படிய சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம் இருந்தது, நடுவில் ஒரு நாள் விட்டதால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. எனவே ஒரு நாள் தவறினால் பெரிதுபடுத்தாதீர்கள்.

ஓய்வே இல்லாமல் வருடக்கணக்கில் ஒரு நோயைச் சுமப்பதால் வரும் சலிப்பும் உண்மையானது, மருத்துவர்களே அதைத் தனியாகக் கவனிக்கிறார்கள், சோம்பேறித்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். மாத்திரையை ஏன் விடுகிறார் என்று ஒரு நாள் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை பலருக்கு வயிற்றைப் புரட்டும். அதுதான் காரணம் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்று வழி இருக்கிறது.